மருந்தில் சுருங்கிய கல்லீரல் கட்டி: இனி வெட்டுவதா, விடுவதா?

காவிரிக்கரை | பிப்ரவரி 8, இரவு 11:20

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. கும்பகோணம் பக்கத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். குடிப்பழக்கம் கிடையாது. ஹெபடைடிஸ் பி கிருமி பல வருடங்களாக உடம்பில் இருந்திருக்கிறது. எங்களுக்குச் செப்டம்பரில்தான் தெரியும். வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்கேன் எடுத்தால் கல்லீரலின் வலது பக்கத்தில் 9.2 சென்டிமீட்டர் கட்டி. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் வலது கிளைக்குள்ளும் நுழைந்திருந்தது. கல்லீரல் புற்றைக் காட்டும் ரத்தக் குறியீடான ஏ.எஃப்.பி. 12,400. “அறுவை சிகிச்சைக்கு இடமில்லை, மருந்து மட்டும்தான்” என்றார்கள்.

அக்டோபர் 7 முதல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடெசோலிசுமாப் (நோயெதிர்ப்பு ஊசி), பெவாசிசுமாப் (கட்டிக்குப் புது ரத்தநாளம் முளைப்பதைத் தடுக்கும் ஊசி) இரண்டையும் ஏற்றினார்கள். ஆறாவது முறை ஜனவரி 20. போன வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி 4.6. சிரைக்குள் இருந்தது நூலாகச் சுருங்கிவிட்டது. ஏ.எஃப்.பி. 31. அம்மா பாயசம் வைத்தார்.

மறுநாள் மருத்துவர் “இனி வெட்டி எடுத்துவிடலாம்” என்றார். இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடத்தில் “மருந்துதான் நன்றாகக் கேட்கிறதே, இப்போது எதற்குக் கத்தி?” என்றார்கள். பெரியப்பாவோ “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று ஒரே பிடியாக நிற்கிறார். அப்பா எதுவும் சொல்லவில்லை. தினமும் மாலையில் மண்டிக் கணக்கை என்னிடம் சொல்லிக்கொடுக்கிறார். யார் யார் எவ்வளவு பாக்கி என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கரைந்துகொண்டிருக்கும் கட்டியை எதற்காக வெட்ட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வார்டு செவிலி | பிப்ரவரி 9, காலை 6:05

இரவுப் பணி முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன், தங்கச்சி. கட்டியைப் பற்றி அங்குலம் அங்குலமாக எழுதியிருக்கிறீர்கள். கல்லீரலைப் பற்றி ஒரு வரி இல்லை. பிலிருபின் (காமாலை அளவு), ஆல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்), தட்டணு, ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் அளவு) நான்கையும் எழுதுங்கள். வயிற்றில் நீர் கட்டியதா? ஊசி தொடங்கும் முன் எண்டோஸ்கோபி பார்த்தார்களா? ஹெபடைடிஸ் பி மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுகிறாரா? வெட்டலாமா என்பதை முதலில் இவைதான் சொல்லும்.

காவிரிக்கரை | பிப்ரவரி 9, காலை 9:48

அக்கா, ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதுகிறேன். பிலிருபின் 0.9. ஆல்புமின் 3.7. தட்டணு 1,38,000. ஐ.என்.ஆர். 1.1. நீர் இல்லை. எண்டோஸ்கோபி பார்த்தார்கள், உணவுக்குழாயில் லேசான ரத்தநாள வீக்கம், பேண்டு போட வேண்டியதில்லை என்றார்கள். என்டெகாவிர் மாத்திரையை அம்மா எண்ணிக் கொடுக்கிறார்.

அரங்கு எண் 4 | பிப்ரவரி 9, பிற்பகல் 3:30

நான் கல்லீரல் அறுவை சிகிச்சைத் துறையில் இருக்கிறேன். உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் வெட்டு என்றோ விடு என்றோ சொல்ல மாட்டேன். இந்தக் கேள்வி எங்கிருந்து முளைத்தது என்பதைச் சொல்கிறேன்.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 2007இல் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற சோராஃபெனிப் மாத்திரைதான் முற்றிய கல்லீரல் புற்றுக்கு ஆயுளைக் கூட்டிய முதல் மருந்து. அதை நிறுவிய ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமானது. கட்டி கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது நூற்றில் இரண்டு பேருக்குத்தான். சுருங்காத கட்டியை வைத்துக்கொண்டு யார் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்? உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த இரட்டை மருந்தின் ஆய்வு 2020இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்குச் சுமார் முப்பது பேருக்குச் சுருங்கியது. இடைநிலை ஆயுள் 19.2 மாதம், சோராஃபெனிப் எடுத்தவர்களுக்கு 13.4. சுருங்குகிறவர்கள் பெருகிய பிறகுதான் அரங்கின் கதவு திறந்தது.

எண்ணம் மட்டும் பழையது. ஷாங்காயில் டாங் ஜாவோயூ என்ற அறுவை மருத்துவர், வெட்ட முடியாத கட்டியை முதலில் சுருக்கு, பிறகு வெட்டு என்ற வழியை 1980களிலும் 90களிலும் விடாமல் நடத்திக் காட்டினார். இன்றைய மருந்துகள் எதுவும் அவர் கையில் இல்லை. அதே நகரத்தில் ஜோங்ஷான் மருத்துவமனையில் அண்மையில் 63 பேருக்கு மாத்திரையும் நோயெதிர்ப்பு ஊசியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் வெட்ட முடியாது என்று கைவிரிக்கப்பட்டவர்கள். 10 பேர் அறுவை சிகிச்சைக்குத் தேறினார்கள். மீதி 53 பேர் தேறவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கரைகிற கட்டியை ஏன் வெட்ட வேண்டும்? ஸ்கேனில் கட்டி கரைந்ததாகத் தெரிவது ரத்தம் ஓடாத பகுதியைப் பார்த்துத்தான். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. இந்தப் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியைத்தான் உறிஞ்சும். அதனால் சாயம் ஏற்றியவுடன், தமனி நேரத்தில் எடுக்கும் படத்தில் உயிருள்ள பகுதி பளிச்சிடும். பளிச்சிடாத இடத்தைச் செத்தது என்கிறோம். ஓர் ஓரத்தில் கைப்பிடி அணுக்கள் உயிரோடு பதுங்கியிருந்தால் எந்த ஸ்கேனும் காட்டிக்கொடுக்காது.

எதிர்மாறாகவும் நடக்கும். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 15 பேருக்குக் கேபோசான்டினிப் மாத்திரை, நிவோலுமாப் நோயெதிர்ப்பு ஊசி இரண்டையும் முதலில் கொடுத்தார்கள். 12 பேருக்கு விளிம்பில் புற்று இல்லாமல் முழுதாக வெட்ட முடிந்தது. அவர்களில் 5 பேருடைய கட்டி நுண்ணோக்கியில் பெரும்பாலும் செத்துக் கிடந்தது. ஸ்கேனிலோ அத்தனை பேருக்குச் சுருக்கம் தெரியவில்லை. கரைந்ததாகக் காட்டும் படத்தை நம்பி வெட்டாமல் விடுவதும் தவறாகலாம், சுருங்கவில்லை என்று காட்டும் படத்தைப் பார்த்துக் கைவிடுவதும் தவறாகலாம்.

பெரியப்பா சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். முன்பெல்லாம் முற்றிய பிறகு வயிற்றைத் திறந்து, ஒன்றும் செய்ய முடியாமல் மூடி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து நான்கு மாதத்தில் இறந்தால் கத்தியின் மேல்தான் பழி விழும். சிரைக்குள் புற்று இருக்கும்போது கல்லீரலை முரட்டுத்தனமாகப் புரட்டினால் துணுக்கு உதிரக்கூடும் என்பதும் உண்மை. அதனால்தான் பெரிய வலதுபக்கக் கட்டிகளில் முதலில் ரத்தக்குழாய்களைக் கட்டிவிட்டு, கல்லீரலை முன்பக்கத்திலிருந்தே பிளந்து, கடைசியில்தான் அதைப் பெயர்த்து எடுக்கிறார்கள். ஹாங்காங் மருத்துவர்கள் இதைச் சீட்டுக் குலுக்கி ஒப்பிடும் ஆய்வாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்று விஷயம் கேட்டு வாருங்கள். வெட்டியபின் மிஞ்சும் கல்லீரல் எத்தனை சதவீதம்? இறுகிய கல்லீரல் என்றால் நாற்பதாவது வேண்டும் என்பது எங்கள் கணக்கு. கல்லீரல் எவ்வளவு வேகமாகச் சாயத்தை வெளியேற்றுகிறது என்று பார்க்கும் பச்சைச் சாயப் பரிசோதனை, அதாவது ஐ.சி.ஜி., செய்தார்களா? கடைசிப் பெவாசிசுமாப் போட்ட தேதியிலிருந்து எத்தனை வாரம் விடப் போகிறார்கள்?

கூட்டிக் கழித்துப் பார் | பிப்ரவரி 9, இரவு 8:12

மருத்துவர் ஐயா எழுதியது எல்லாம் சரி. அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். நான் புள்ளியியல் படித்தவன், மருத்துவன் அல்லன்.

“மருந்துக்குப் பிறகு வெட்டிக்கொண்டவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள்” என்ற வரியை நூறு கட்டுரைகளில் பார்க்கலாம். யாரை வெட்டினார்கள்? மருந்துக்குக் கட்டி பணிந்தவரை, கல்லீரல் தெம்பாக இருந்தவரை, ஆறு மாதம் தாக்குப்பிடித்தவரை. இவர்கள் வெட்டாமல் விட்டாலும் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்திருப்பார்கள். மாட்டுச் சந்தையில் கொழுத்த மாட்டை வாங்கிவந்து, என் தீவனத்தைப் பாருங்கள் என்பதைப் போன்ற கணக்கு இது.

நியாயமாகப் பார்க்க வேண்டும் என்றால், மருந்துக்குப் பணிந்தவர்களை மட்டும் எடுத்து, அவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை வெட்ட வேண்டும், பாதிப் பேருக்கு மருந்தைத் தொடர வேண்டும். உங்கள் அப்பாவைப் போலச் சிரையில் புற்று நுழைந்தவர்களுக்கு, இதே இரட்டை மருந்தை வைத்து, டேலன்டாப் என்ற பெயரில் சீனாவில் அப்படி ஓர் ஆய்வை வடிவமைத்தார்கள். கேள்வி நியாயமானது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அரங்கு எண் 4 | பிப்ரவரி 10, காலை 7:02

மாட்டுச் சந்தை உவமை எங்களுக்கு வேண்டியதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சீட்டுக் குலுக்கிய ஆய்வு அறவே இல்லை என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. மிலானில் மட்சாஃபெர்ரோ குழு 2020இல் வெளியிட்டதைப் பாருங்கள். கட்டியை முதலில் சுருக்கினார்கள். பணிந்த 45 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கல்லீரல் மாற்று, மற்றவர்களுக்கு வேறு சிகிச்சை. ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் மாற்றுச் செய்த பக்கம் 77.5 சதவீதம், செய்யாத பக்கம் 31.2. இருபுறமும் கொழுத்த மாடுகள்தான்.

கூட்டிக் கழித்துப் பார் | பிப்ரவரி 10, காலை 7:40

நல்ல ஆய்வு. ஆனால் அதில் பெரிய ரத்தக்குழாய்க்குள் புற்று நுழைந்தவர்களைச் சேர்க்கவில்லை. சகோதரியின் அப்பா அந்த ஆய்வின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்.

அரங்கு எண் 4 | பிப்ரவரி 10, காலை 7:46

உண்மை.

காவிரிக்கரை | பிப்ரவரி 10, காலை 10:15

மாற்று அறுவை சிகிச்சை என்று படித்ததும் கேட்கத் தோன்றுகிறது. எனக்கும் அப்பாவுக்கும் ஒரே ரத்தப் பிரிவு. என் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முடியாதா?

அரங்கு எண் 4 | பிப்ரவரி 10, மாலை 6:20

அம்மா, இந்தக் கேள்வியை எத்தனையோ மகள்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். இரண்டு காரணம். சிரைக்குள் புற்று புகுந்திருந்தால், மாற்றிய கல்லீரலிலும் அது திரும்ப வரும் ஆபத்து அதிகம். அதோடு அப்பாவுக்குப் போட்ட ஊசி உடம்பின் காவல் அணுக்களை அவிழ்த்துவிடும் மருந்து. அடெசோலிசுமாப் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 27 நாள் ஆகும். அவிழ்ந்து திரியும் காவல்காரர்களுக்கு நடுவில் அயலான் கல்லீரலை வைத்தால் அதன்மேலும் பாய்வார்கள். சொந்தக் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டும்போது இந்தச் சிக்கல் எழாது.

நெல்லைச் சீமை | பிப்ரவரி 11, காலை 5:50

கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் 48 நாள். என் சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை ஓடியே போனது. இவ்வளவு படித்தவர்கள் இருக்கும் இழையில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

பழைய ஆய்வகம் | பிப்ரவரி 11, காலை 11:30

சொல்லலாமே. கீழாநெல்லியை ஆய்வகம் அலட்சியம் செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கிருமி தங்கியிருந்த 37 பேருக்கு முப்பது நாள் கீழாநெல்லித் தூள். 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வுகூடக் கிருமியைப் பற்றியது, புற்றுக்கட்டியைப் பற்றியது அன்று. உங்கள் சித்தப்பாவுக்கு வந்த காமாலை தானாகவே இறங்கும் வகையாக இருந்திருக்கலாம். இந்தத் தங்கையின் அப்பா அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் வாரங்களில் எந்தச் சூரணமும் தொடக் கூடாது. ரத்தத்தில் கல்லீரல் என்சைம் ஏறினால் மருந்தாலா சூரணத்தாலா என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் போய்விடும்.

தம்பிக்கு அண்ணன் | பிப்ரவரி 12, இரவு 10:05

என் தம்பிக்கு இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல் நடந்தது. அவனுக்கு ஊசிக்கு வசதியில்லை, லென்வாட்டினிப் மாத்திரை. எடை 60 கிலோவுக்குக் கீழே என்பதால் தினமும் 8 மில்லிகிராம். உள்ளங்கை உரிந்து, சாவியைத் திருப்பக்கூட முடியாது. ரத்த அழுத்தம் 170 வரை போனது. ஐந்து மாதத்தில் கட்டி பாதியானது. மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வெட்டினார்கள்.

வெட்டியதைவிட அதன்பின் வந்த நாட்கள்தான் கடினம். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. வடிகுழாய்ப் பையில் முதலில் செந்நிறம், பிறகு வைக்கோல் நிறம், அது நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல். ஐந்தாம் நாள் காலையில் பிலிருபின் என்ன என்று கேட்க மருத்துவர்கள் கூட்டமாக வந்தார்கள். அன்று அது மூன்றைத் தாண்டி, ரத்தம் உறைதலும் பாதியாகக் குறைந்திருந்தால் மிக மோசம் என்று பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு 2.6இல் நின்று இறங்கியது. எங்கள் கோபம் ஒன்றுதான்: மிஞ்சும் கல்லீரல் எவ்வளவு என்ற கணக்கை எங்களிடம் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ, கேட்கத் தெரியவில்லை.

இப்போது தையல் கடைக்குப் போய்வருகிறான். பதினான்காம் மாதம் ஒரு சிறு கட்டி திரும்ப வந்தது, ஊசிமுனையால் சுட்டார்கள். குணமாகிவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருந்துக்கடை மாடி | பிப்ரவரி 13, காலை 8:30

வசதி என்ற பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. சோராஃபெனிப் இந்தியாவில் ஒரு மாதத்துக்கு 2,80,428 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் கட்டாய உரிமம் வழங்கி, நாட்கோ நிறுவனம் அதை 8,880 ரூபாய்க்கு விற்க அனுமதித்தார். இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அதுதான். பேயர் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போக, சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013இல் அதை உறுதிசெய்தது. கல்லீரல் புற்று மருந்துதான் அந்த வழக்கின் நடுவில் இருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இழையின் போக்கைத் திருப்பிவிட்டேன், மன்னிக்கவும்.

காவிரிக்கரை | பிப்ரவரி 24, இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. அரங்கு எண் 4 ஐயா சொன்ன மூன்று கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் தாளை வாங்கிப் பார்த்து, “யார் எழுதிக்கொடுத்தது?” என்று சிரித்தார்.

மிஞ்சும் இடது பாகம் 43 சதவீதம். இதில் ஒரு வேடிக்கை. வலது சிரையைப் புற்று அடைத்ததால் வலது பக்கத்துக்கு ரத்தம் குறைந்து, இடது பக்கம் தானாகவே பெருத்துவிட்டதாம். மற்றவர்களுக்குக் கல்லீரலைப் பெருக்கவென்றே அந்தச் சிரையை அடைப்பார்களாம். அப்பாவுக்கு நோயே அந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறது. ஐ.சி.ஜி.யில் பதினைந்து நிமிடத்துக்குப் பின் ரத்தத்தில் மிஞ்சிய சாயம் 11 சதவீதம். பெவாசிசுமாப்பை ஜனவரி 20உடன் நிறுத்தியாகிவிட்டது. பிப்ரவரி 10 அன்று மற்ற ஊசி மட்டும் போட்டார்கள். அறுவை சிகிச்சை மார்ச் 12. ஏழு வாரத்துக்கு மேல் இடைவெளி.

இரண்டாவது கருத்துச் சொன்ன மருத்துவரையும் தொலைபேசியில் பேச வைத்தார்கள். அவர் கடைசிவரை முழுதாகச் சம்மதிக்கவில்லை. “ஆறு மாதமாகப் புது இடத்தில் எதுவும் முளைக்கவில்லை, அதனால் எதிர்க்க மாட்டேன்” என்றார். எனக்கு அந்த வரிதான் தெளிவு தந்தது. இத்தனை மாதம் கொடுத்த மருந்து கட்டியைச் சுருக்கியதோடு, அதன் குணத்தையும் காட்டிக்கொடுத்திருக்கிறது. நுரையீரலுக்குத் தாவுகிற கட்டியாக இருந்தால் இந்த ஆறு மாதத்தில் தாவியிருக்கக்கூடும். அது தெரியாமல் முதலிலேயே வெட்டியிருந்தால், வீணாக வயிற்றைக் கிழித்திருப்போம்.

அப்பாவிடம் கேட்டோம். “வெட்டினால் எத்தனை நாள் கடை மூட வேண்டும்?” என்றார். அதுவே சம்மதம்.

வார்டு செவிலி | பிப்ரவரி 25, காலை 6:20

நல்லது. தைராய்டும் அட்ரினல் சுரப்பியின் கார்டிசாலும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஊசிகள் சத்தமில்லாமல் அந்தச் சுரப்பிகளைக் கெடுக்கும். மயக்க மருந்து கொடுத்தபின் தெரிந்தால் வம்பு. சிறுநீரில் புரதமும் பார்க்கட்டும். தினமும் அரை மணி நேரம் நடை. மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்தை எழுப்பும் கருவியை இப்போதே வாங்கிப் பழக்குங்கள், வலது விலாவுக்குக் கீழே தையலோடு அதைக் கற்றுக்கொள்ள முடியாது. முட்டை, பருப்பு, மீன் எதையும் குறைக்காதீர்கள். ஈரல் நோய்க்காரருக்குப் பத்தியம் என்று சொல்லி வெறும் கஞ்சியில் வாடவிட்டு அழைத்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். என்டெகாவிர் அறுவை சிகிச்சை நாளன்றும் உண்டு.

காவிரிக்கரை | மார்ச் 13, அதிகாலை 2:10

ஏழு மணி நேரம் ஆனது. வலது பாகத்தை எடுத்துவிட்டார்கள். சிரையின் வாயைத் திறந்து உள்ளே இருந்த நூலையும் இழுத்து எடுத்தார்களாம். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். பெரியப்பா வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க மறுக்கிறார்.

காவிரிக்கரை | மார்ச் 17, காலை 11:02

ஐந்தாம் நாள். பிலிருபின் 1.9. தம்பிக்கு அண்ணன் அவர்களே, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இந்த நாளின் பொருள் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

தம்பிக்கு அண்ணன் | மார்ச் 17, காலை 11:09

படித்தவுடன் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். கடையில் எல்லோருக்கும் டீ வாங்கினான்.

காவிரிக்கரை | மார்ச் 29, மாலை 5:45

நோயியல் ரிப்போர்ட் வந்தது. கட்டியில் 95 சதவீதம் செத்த திசு. விளிம்பில் புற்று இல்லை. சிரையில் இருந்த நூலில் உயிருள்ள அணு எதுவும் இல்லை. ஆனால் கட்டியின் கீழ் ஓரத்தில், 8 மில்லிமீட்டர் அளவில், உயிருள்ள புற்று. ஸ்கேனில் அந்த இடம் கறுப்பாகத்தான் இருந்தது. மருத்துவர் படத்தையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

இனி ஊசியைத் தொடரலாமா என்று பேசுகிறார்கள்.

கூட்டிக் கழித்துப் பார் | மார்ச் 29, இரவு 9:30

அந்த 8 மில்லிமீட்டருக்கு முன்னால் என் வாதம் கொஞ்சம் இறங்கித்தான் போகிறது. உங்கள் அப்பா விஷயத்தில் மட்டும்.

வெட்டியபின் மருந்து என்ற கேள்வியில் எச்சரிக்கையாகப் பேசுங்கள். சோராஃபெனிப்பை 1,114 பேரை வைத்துச் சோதித்தார்கள், பலனில்லை. இதே இரட்டை ஊசியை 668 பேரை வைத்துச் சோதித்தபோது, முதல் வருடத்தில் நோய் திரும்பாதவர்கள் 78 சதவீதம், ஊசி போடாதவர்களில் 65. ஆரவாரம் செய்தார்கள். இன்னும் சில காலம் காத்துப் பார்த்ததில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. அவர்கள் எல்லோரும் முதலில் வெட்டிக்கொண்டு பிறகு மருந்துக்கு வந்தவர்கள். உங்கள் அப்பா முதலில் மருந்தெடுத்து, அது கேட்கிறது என்று கண்டபின் வெட்டிக்கொண்டவர். அதனால் அந்தக் கணக்கை அப்படியே அவர்மேல் போடவும் முடியாது.

அரங்கு எண் 4 | மார்ச் 30, காலை 6:55

நான் எழுத நினைத்ததை அவரே எழுதிவிட்டார். எங்கள் வழக்கம், தையல் ஆறி, கல்லீரல் தேறியபின், பணிந்த மருந்தைச் சில மாதம் தொடர்வது. வழக்கம் என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் என்று சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும் தவறவே கூடாது.

காவிரிக்கரை | ஏப்ரல் 6, இரவு 8:40

ஏ.எஃப்.பி. 4. அடுத்த ஸ்கேன் ஜூனில். அப்பா நேற்று மண்டிக்குப் போனார். நான் எழுதிய கணக்கில் இரண்டு இடத்தில் கூட்டல் தவறு என்று திட்டினார். இன்று காலை மூட்டையைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று நிற்கிறார். விடலாமா, அக்கா?

வார்டு செவிலி | ஏப்ரல் 7, காலை 6:15

விடவே கூடாது. தையல் போட்ட வயிற்றுத் தசை பிரிந்தால் குடலிறக்கம் வரும். மூன்று மாதத்துக்கு மூட்டை கிடையாது, குடம் கிடையாது, ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுவதும் கிடையாது. கணக்கு எழுதட்டும்.